மீன்தொட்டிக்கு எதிர் நாற்காலி

"ஒன்பதாம் நம்பர்."

பல் மருத்துவமனையின் வரவேற்புப் பெண் மூன்றாவது முறையாகக் கூப்பிட்டாள். சீட்டைக் கையில் வைத்திருந்த புகார் சார் மீன்தொட்டியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"பத்தாம் நம்பர் அம்மாவுக்கு வலி ஜாஸ்தி போல. அவங்க போகட்டும்."

"அவங்க பாத்துட்டு வீட்டுக்கே போயாச்சு. நீங்க மட்டும்தான் சார் பாக்கி."

மாட்டிக்கொண்டார்.

அவர் பல்லில் ஒரு கோளாறும் இல்லை. பகலெல்லாம் அலுவலகப் புகார்ப் பிரிவில் ஊரார் திட்டு. வீட்டுக்குப் போனால் இரண்டு பிள்ளைகள், ஒரு டிவி, மாடியில் டிரம் பழகும் மைத்துனன். தியான ஆப் போட்டுப் பார்த்தார். 'இன்று நீங்கள் இன்னும் அமைதியாகவில்லை' என்று அது மணிக்கொரு தரம் மிரட்டியது. ஆப்பையே தூக்கிவிட்டார்.

கடைசியில் அகப்பட்ட சொர்க்கம் இது. ஏசி, மெத்தை நாற்காலி, ஆறு மீன்கள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் ஒருத்தரும் பேச்சுக் கொடுப்பதில்லை. தினம் மாலை அரை மணி. வீட்டில் அதற்குப் பெயர் மீட்டிங்.

"எந்தப் பல்லு?" என்றார் டாக்டர்.

விரல் போன இடத்தைக் காட்டினார்.

"கல்லு மாதிரி இருக்கே."

"உள்ளுக்குள்ள வலிக்குது டாக்டர்."

டாக்டர் சுத்தம் செய்தார். "அவ்வளவுதான். இனிமே நீங்க வரவே வேண்டாம்."

வரவே வேண்டாமா? அந்த அரை மணி என்னாவது? மறுநாளே வந்து நின்றார்.

"இன்னும் வலிக்குது டாக்டர்."

எக்ஸ்ரே எடுத்தார்கள். இல்லாத ஓட்டையை அடைத்தார்கள். அடுத்த வாரமும் வலித்தது.

இதற்கிடையே சட்டைப் பையிலிருந்த சீட்டை மனைவி பார்த்துவிட்டாள்.

"பல்லாஸ்பத்திரியா? மீட்டிங்னீங்க?"

"மீட்டிங் முடிஞ்சு... லேசா வலி."

"அங்க மட்டும் போகாதீங்க. ஊர்ல வேற டாக்டரே இல்லையா?" என்றாள், ரொட்டியை ஒரு பக்கமாகவே மென்றபடி.

என்ன அக்கறை என்று நெகிழ்ந்துபோனார். ஆனாலும் போனார்.

டாக்டர் கையை விரித்துவிட்டார். "அப்ப பிடுங்கிட வேண்டியதுதான். ஒரே தொல்லை, புண்ணு ஆற ரெண்டு வாரம் தினம் வரணும்."

"தினமுமா?" புகார் சாரின் முகம் மலர்ந்தது. "பிடுங்கிடுங்க."

பிடுங்கினார்கள். பாதி முகம் மரத்துப்போய், வாயில் பஞ்சோடு வந்து மீன்தொட்டிக்கு எதிரே சாய்ந்தார். அடடா, இனி இரண்டு வாரம்.

"தனியா அனுப்ப மாட்டோம் சார். வீட்டுக்கு போன் பண்றேன்" என்றாள் வரவேற்புப் பெண்.

"வே... வே..." என்றார். வேண்டாம் என்பது வாயை விட்டு வரவில்லை.

அவர் எழுதிக் கொடுத்திருந்த எண்ணை அழுத்திய பெண், போனை ஒரு தரம் உற்றுப் பார்த்தாள்.

இருபது நிமிடத்தில் மனைவி வந்துவிட்டாள். உள்ளே வராமல், வாயைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நின்றாள். தொலைந்தோம், ஒரு மாத மீட்டிங்கும் இன்றோடு சந்தி சிரிக்கப் போகிறது என்று புகார் சார் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

வரவேற்புப் பெண் எழுந்து சிரித்தாள்.

"வாங்கக்கா, தினம் காலைல நீங்க உட்கார்ற நாற்காலியிலதான் சாரும் உட்கார்ந்திருக்காரு. அது இருக்கட்டும், போன வாரம் உங்களுக்குப் பல்லு பிடுங்கின இடம் இப்ப எப்படி இருக்கு?"