சகலைக்குப் போட்டியாக ஒசாகா சுரங்க ஸ்டேஷன்

எந்தப் பொறாமைக்கும் மருந்து உண்டு. சகலை மேல் வரும் பொறாமைக்கு மட்டும் கிடையாது. அண்ணன் தம்பியென்றால் சண்டை போட்டுப் பிரிந்துவிடலாம். சகலை வீட்டிலோ சிரித்துக்கொண்டே சாப்பிட வேண்டும்.

என் மனைவியின் தங்கை புருஷன் ஆக்லாந்து நகரத்துக்குள், லின்ஃபீல்டில் இருந்தார். கம்ப்யூட்டர் வேலை. நான் நகரத்தை விட்டுத் தள்ளி, தோட்டங்கள் நிறைந்த புக்கெகோஹியில் வெங்காயம் மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன். (நல்ல வெங்காயம். அது வேறு கதை.) தொண்ணூறுகளில் கம்பெனி அவரைச் சில மாதம் ஒசாகாவுக்கு அனுப்பியது. திரும்பி வந்தவர் அந்த ஊர்ச் சுரங்க ரயில் ஸ்டேஷனைப் பற்றியே பேசினார்.

"தரைக்கு அடியில ஒரு ஊரே இருக்கு, சகலை! அந்தத் தரையில சோத்தைப் போட்டுச் சாப்பிடலாம். ஜப்பான்காரன் செருப்போட எங்கயும் உள்ள வரமாட்டான்."

என் மனைவி வாயைப் பிளந்து கேட்டாள். வரும் வழியில், "அவரு எவ்ளோ பாத்திருக்காரு! நீங்க எதைப் பாத்தீங்க, வெங்காயத்த!" என்றாள். அந்த ஸ்டேஷனில் நின்று ஒரு போட்டோ எடுத்து அவர் முன்னால் போடாவிட்டால் நான் ஆம்பளையே இல்லை என்று முடிவெடுத்தேன்.

அடுத்த வருஷம் ஒரு கல்யாணத்துக்கு மெட்ராஸ் போக வேண்டியிருந்தது. எல்லாரும் சிங்கப்பூர் வழியாகப் போக, நான் எனக்கும் மனைவிக்கும் ஒசாகா வழியாக டிக்கெட் போட்டேன்.

ஸ்டேஷன் படிக்கட்டில் நின்று எட்டிப் பார்த்தேன். கழுவிவிட்ட கோயில் பிராகாரம் மாதிரி தரை. ஷூவைக் கழற்றிப் படியோரம் வைத்தேன்.

"என்னங்க, எல்லாரும் போட்டுக்கிட்டுத்தானே போறாங்க?"

"அவங்க ஊரு, போடுவாங்க. நாம விருந்தாளி. மரியாதை வேணாமா?"

"உங்க மரியாதை உங்களோட. நான் கழட்ட மாட்டேன்."

போட்டோ எடுத்தாயிற்று. மேலே ஏறினால் ஷூவைக் காணோம், தெருவே வேறு. மறுபடி இறங்கி இன்னொரு படியில் ஏறினேன். அது ஒரு துணிக்கடைக்குள் போய் முடிந்தது. (அத்தனை வாசலை வைத்துக்கொண்டு எப்படித்தான் வீடு போய்ச் சேருகிறார்களோ!) ஓட்டை சாக்ஸில் கட்டைவிரல் எட்டிப் பார்க்க, நான் விழித்தபடி நின்றேன். ஸ்டேஷன்காரர் ஒருவர் என் காலைப் பார்த்தார். குனிந்து வணங்கினார். உள்ளே ஓடிப்போய்ப் பச்சை நிறத்தில் ஒரு ஜோடிச் செருப்பு கொண்டுவந்து கொடுத்தார். மேலே ஜப்பான் எழுத்து வேறு. அடடா, சகலைக்குக் கிடைக்காத மரியாதை!

அந்தச் செருப்போடுதான் மெட்ராஸ் கல்யாணத்தில் வலம் வந்தேன். ஆக்லாந்து திரும்பியதும் நேராக லின்ஃபீல்ட். போட்டோவை நீட்டினேன். சகலை என் காலையே பார்த்தார்.

"இது எங்க கிடைச்சுது, சகலை?"

"அந்த ஸ்டேஷன்லதான். கூப்பிட்டுக் குடுத்தாங்க. ஏன், உங்களுக்குக் குடுக்கலையா?"

"ஆபீஸ்ல குடுத்தாங்களே, கக்கூசுக்குப் போறப்ப. வெளிய வந்ததும் அங்கயே விட்டுட்டு வந்துட்டேன்."

இன்றைக்கும் குடும்பம் கூடினால் இந்தக் கதைதான். சகலை எழுந்து, என்னைப் போலவே சாக்ஸோடு நடந்து காட்டுவார். என் மனைவி கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பாள். என் மானம் போன கதையில்கூட அவருக்குத்தான் கைதட்டல். பொறுக்க முடியாமல் போன பொங்கலுக்கு நானே சொல்ல ஆரம்பித்தேன்.

"நோ தாத்தா," என்றாள் என் சொந்தப் பேத்தி, "சின்னத் தாத்தா டெல்ஸ் இட் பெட்டர்."