அறுபத்து நாலு பேரும் ஒரு நண்டும்

"நண்டு சொல்லிச்சி, நாயகி."

"எந்த நண்டு?"

"சித்தரு நண்டு."

"இன்னா சொல்லிச்சி?"

"போட்ட வித்து ஷேர்ல போடச் சொல்லிச்சி."

"நம்ம போட்டயா?"

"பின்ன, ஊரான் போட்டயா விக்கச் சொல்லும்? அதுக்கு அந்த நாயம்கூடத் தெரியாதா?"

இந்தப் பேச்சை லோகநாயகி பிற்பாடு மீஞ்சூர் மீன் மார்க்கெட்டில் எத்தனையோ முறை நடித்துக் காட்டியிருக்கிறாள். புருஷன் கோதண்டத்தின் குரலை அப்படியே கொண்டுவருவாள். கேட்கிறவர்கள் தராசைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பார்கள். ஆனால் பேச்சு நடந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் சிரிக்கவில்லை.

காரணம், போட்டு என்று அவர்கள் சொல்லும் அந்த மீன்பிடி படகு அவள் பெயரில் பதிவானது. மகளிர் குழுவில் கடன் எடுத்து, நாலு வருஷம் மீன் கூடை தூக்கி அவள் அடைத்து முடித்தது. விற்க வேண்டுமானால் அவள் கையெழுத்துப் போட வேண்டும். திங்கட்கிழமை காலையில் பழவேற்காட்டு வியாபாரி தினகரன் முன்பணத்தோடு வருவதாகக் கோதண்டம் சொல்லியிருந்தான்.

"கையெழுத்துப் போட மாட்டேன்" என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். இருபத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்தியவள் அப்படிச் சொல்ல மாட்டாள். தடுக்கப்பட்ட புருஷன் சாகிற வரை சொல்லிக்கொண்டே இருப்பான்: "அன்னிக்கு மட்டும் நீ கையெழுத்துப் போட்டிருந்தீன்னா நாம இன்னிக்கு எங்கயோ இருந்திருப்போம்." போட்டும் இருக்க வேண்டும், அந்தப் பேச்சும் இருக்கக் கூடாது. லோகநாயகிக்கு வேண்டியது இரண்டும்.

நண்டுக்கு வருவோம்.

இவர்கள் குடியிருக்கும் ஏரிக்கரை ஊரான மேட்டுக்குப்பத்துக்கு ஷேர் மார்க்கெட்டைக் கொண்டுவந்தவன் பிரவீன். காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கான்ட்ராக்ட் வேலை. டீக்கடையில் உட்கார்ந்து போனில் விரலால் தள்ளித் தள்ளிக் காட்டினான். பச்சையாக இருந்தால் லாபம், சிவப்பாக இருந்தால் நஷ்டம். அந்த மாதங்களில் எல்லாம் பச்சையாகவே இருந்தன. இறால் நன்றாகப் பட்ட வருஷம் வேறு. மேட்டுக்குப்பம் பணம் போட்டது, அக்கரையில் புன்னைக்குப்பமும் போட்டது. வலை உலர்த்தும் இடத்தில் நின்றுகொண்டு "சிமென்ட்ல வெச்சிருக்கேன், நீ பேங்க்லயா?" என்று பேசிக்கொண்டார்கள்.

அப்புறம் ஒரு வாரத்தில் எல்லாம் சிவந்தது. டிவியில் டை கட்டியவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஒருவர் சண்டை என்றார், ஒருவர் வரி என்றார், ஒருவர் "இது ஆரோக்கியமான சரிவு" என்றார். ஆரோக்கியமாகச் சரிந்த பணத்தைப் பார்த்துக் குப்பத்து ஆண்கள் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

சரியாக அந்த நேரத்தில்தான் பங்குச் சித்தர் தருமலிங்கம் எழுந்தருளினார். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டதற்குக் "கிழக்கிலிருந்து" என்றார். கிழக்கே கடல்தான் இருக்கிறது. யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை.

மூடிக்கிடந்த ஐஸ் ஷெட்டில் ஆசிரமம். நடுவே வாய் கட்டிய ஒரு மண்பானை. அதற்குள் ஒரு நண்டு. ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டுக்கு லீவு, சித்தருக்கு வேலை. இரண்டு குப்பத்து ஆட்களும் வரிசையில் நிற்பார்கள். ஒவ்வொருவராக உள்ளே போக வேண்டும். சித்தர் பானையின் துணியை விலக்கி எட்டிப் பார்ப்பார். வேறு யாரும் பார்க்கக் கூடாது, நண்டுக்குக் கண்ணேறு பட்டுவிடும். பிறகு ஒரு சீட்டில் எழுதி மடித்துக் கையில் வைப்பார். அந்த வாரம் மார்க்கெட் ஏறுமா, இறங்குமா? ஒரே ஒரு வார்த்தை. காணிக்கை ஐந்நூறு ரூபாயும் உயிருள்ள ஒரு நண்டும். அந்த நண்டுகளை ஏரியில் விட்டுவிடுவதாகச் சொன்னார். பக்தர்கள் நண்டு தின்பதும் கூடாது.

பிறந்ததிலிருந்து நண்டு பிடிப்பவர்கள். அவர்கள் வீட்டுச் சட்டியில் கொதித்த ஆயிரக்கணக்கான நண்டுகளில் ஒன்றுகூட உளுந்து விலையைப் பற்றிக்கூட வாய் திறந்ததில்லை. பம்பாய் மார்க்கெட்டைப் பற்றி ஐஸ் ஷெட் நண்டு பேசுகிறது என்றதும் நம்பிவிட்டார்கள். பக்கவாட்டில் மட்டுமே நடக்கத் தெரிந்த பிராணியிடம் போய் மேலேயா கீழேயா என்று கேட்டார்கள்.

இதற்கெல்லாம் ஒரே ஒரு நிபந்தனை இருந்தது. "வாக்க யார்கிட்டயும் சொல்லக் கூடாது. பொண்டாட்டிகிட்டகூட. சொன்னா பலிக்காது."

இதுதான் சித்தரின் கெட்டிக்காரத்தனம். வேறு ஊராக இருந்தால் இந்த நிபந்தனை அரை நாள் தாங்கியிருக்காது. இங்கே மீன்காரனிடம் மீன் எங்கே பட்டது என்று கேட்டுப் பாருங்கள். வடக்கே பிடித்தவன் தெற்கே கை காட்டுவான். தெற்கே பிடித்தவன் "இன்னிக்கு ஒண்ணும் இல்ல" என்று கூடையை மூடுவான். நல்ல இடத்தைச் சொன்னால் அது கெட்டுவிடும் என்று அப்பன் காலத்திலிருந்து நம்புகிறவர்கள். சித்தர் புதிதாக ஒன்றும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. பலித்தவன் வாயை மூடிக்கொண்டான். பலிக்காதவன், எங்கேயோ தூக்கத்தில் உளறியிருப்போம் என்று நினைத்து இன்னும் இறுக்கமாக மூடிக்கொண்டு, பரிகாரத்துக்கு இன்னொரு ஐந்நூறு எடுத்துப் போனான்.

கோதண்டத்துக்கு ஆறு வாரமும் பலித்தது. ஆறு சீட்டுகளையும் அந்த வெள்ளிக்கிழமை அவன் லோகநாயகி முன்னால் வரிசையாக வைத்தான். "ஒண்ணுகூடத் தப்பல பாரு. இப்ப பெரிய வாக்கு குடுத்துக்கீறாரு. போட்டு வித்த காசுல கால்வாசி காணிக்கை. மிச்சத்த மொத்தமா உள்ள எறக்கணும். எனக்கு மட்டும்தான் குடுத்தாராம். ஒன் கையெழுத்து வேணும்ல, அதனால ஒங்கிட்ட மட்டும் சொல்லலாம்னு உத்தரவு குடுத்துட்டாரு."

உண்மையில் அவளும் கொஞ்சம் ஆடிப்போனாள். ஆறுக்கு ஆறு என்றால் யாருக்குத்தான் ஆடாது? சீட்டுகளைப் பத்திரமாகச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் விடியற்காலையில் மீன் வேனில் மீஞ்சூர் போகும்போது பக்கத்தில் புன்னைக்குப்பத்துத் தேவி. ஏரியில் ஆண்கள் முறைத்துக்கொண்டாலும் வேனில் பெண்கள் ஒரே வெற்றிலையைக் கிழித்துப் போட்டுக்கொள்கிறவர்கள்.

"ஒங்க வூட்டுக்காரரு பேசறாராக்கா?" என்றாள் தேவி. "எங்காளு ஒன்ற மாசமா மூஞ்சத் தூக்கி வெச்சினுகீது."

"ஏனாம்?"

"சித்தரு வாக்க எங்கிட்ட சொல்லிட்டாராம். அதான் கெட்டுப்பூடுச்சாம். ஒன் காது ராசியில்லாத காதுன்றாரு. கம்மலக் கழட்டி அடகு வெக்கறப்ப மட்டும் அந்தக் காது ராசியா இருந்துச்சி."

"இன்னா வாக்கு சொன்னாரு?"

"மொத வாரம். ஏறும்னு. அது பொத்துனு வுழுந்துச்சி."

லோகநாயகி சுருக்குப்பையைத் திறந்தாள். முதல் வாரச் சீட்டு. 'இறங்கும்.'

"தேவி, நீ சொல்றது சீட்டு குடுத்த மொத ஞாயித்துக்கெழமதான?"

"அதேதான். ஏன்?"

"எங்காளுக்கு எறங்கும்னு குடுத்துகிறான்டி."

இருவரும் சீட்டைப் பார்த்தார்கள். ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள்.

"ஒரே மார்க்கெட்டு," என்றாள் லோகநாயகி. "ஒனக்கு ஏறி எனக்கு எறங்குமா? பம்பாய் இன்னா நம்ம மொகத்துவாரமா, காலைல தண்ணி ஏத்தம் மத்தியானம் வத்தம்னு?"

வேனில் இன்னும் ஐந்து பெண்கள் இருந்தார்கள். ஐந்து பேருக்கும் வீட்டில் ஆள் இருந்தது. ஐந்து பேரும் புருஷன் சட்டைப் பையைத் துழாவிச் சீட்டைப் படித்தவர்கள். ஆண்கள் ஆறு வாரம் காத்த ரகசியம் மீஞ்சூர் ரயில்வே கேட் வருவதற்குள் முடிந்துவிட்டது.

அதற்கடுத்த நாள், ஞாயிற்றுக்கிழமை, பாடு குலுக்கல். ஏரியில் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் தீர்மானிப்பார்கள். அந்த முறைக்குப் பெயர் பாடு. இரண்டு குப்பமும் ஒரே கூரையின் கீழ் உட்காருவது அன்று ஒரு நாள்தான். புன்னைக்குப்பத்துப் புயல் பாதுகாப்புக் கூடத்தில் கூட்டம். சிறப்பு விருந்தாளியாகச் சித்தரும் பானையோடு வந்து நாற்காலியில் அமர்ந்திருந்தார்.

லோகநாயகியும் தேவியும் உள்ளே நுழைந்தார்கள்.

"பொம்பளைங்களுக்கு இன்னா வேல இங்க?" என்றது ஒரு குரல்.

குலுக்கல் நடத்தும் ராமன் நிமிர்ந்து பார்த்தார். "போட்டு அவ பேர்ல கீது. ஒன் பேர்ல இன்னா கீது? ஒக்காரு. நீ சொல்லும்மா."

"ஒண்ணுமில்ல தலைவரே. சித்தர்கிட்ட மொத வாரமே சீட்டு வாங்கனவங்க எல்லாம் எழுந்து நிக்கட்டும்."

தயங்கித் தயங்கி எழுந்தார்கள். எண்ணினால் அறுபத்து நாலு. கோதண்டமும் நின்றான். பிரவீனும் நின்றான், பட்டம் வாங்கியவன் என்பதால் சுவரைப் பார்த்துக்கொண்டு.

"வாக்கு வெளிய வந்தா முறிஞ்சிடும்" என்றார் சித்தர்.

"பழைய சீட்டுதான் சாமி. அது பலிச்சி முடிஞ்சி போனது. பிரவீனு, போனப் பாத்துச் சொல்லுப்பா, மொத வாரம் மார்க்கெட்டு இன்னா ஆச்சி?"

"எறங்கிச்சிக்கா."

"ஏறும்னு சீட்டு வந்தவங்கல்லாம் ஒக்காருங்க."

முப்பத்திரண்டு பேர் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தவர்கள் அக்கம்பக்கம் பார்த்தார்கள். தூக்கத்தில் உளறியது தான் மட்டும்தான் என்று ஒவ்வொருவனும் இத்தனை நாள் நினைத்திருந்தான்.

"ரெண்டாவது வாரம்?"

"கொஞ்சம் ஏறிச்சி."

"எறங்கும்னு வந்தவங்க ஒக்காருங்க."

பதினாறு பேர் மிச்சம். மூன்றாவது வாரம் எட்டு. நாலாவது வாரம் பிரவீன் தன் போனையே படித்துவிட்டுத் தானே உட்கார்ந்தான். நாலு பேர். ஐந்தாவது வாரம் இரண்டு. ஆறாவது வாரம் புன்னைக்குப்பத்து ஆள் ஒருவன் பெருமூச்சு விட்டு உட்கார, கூடத்தின் நடுவில் கோதண்டம் மட்டும் நின்றுகொண்டிருந்தான்.

"எனக்கு ஆறும் பலிச்சுதே" என்றான். குரலில் பாதிதான் இருந்தது.

ராமன் குலுக்கல் குடத்தைத் தட்டினார். "எனக்கு மூணு வருசம் சேந்தாப்ல நல்லா மீன் படுற மொகத்துவாரப் பாடு வுழுந்துச்சி. எவனாச்சும் என் கால்ல வுழுந்தீங்களாடா? திருடன்னு இல்ல சொன்னீங்க? பாதிப் பேருக்கு ஏறும், பாதிப் பேருக்கு எறங்கும்னு எழுதினா, கடசில எவனோ ஒருத்தனுக்குப் பலிச்சித்தான ஆவணும். அந்த ஒருத்தன் நீ. நண்டு இன்னாடா பண்ணுச்சி இதுல?"

"ஆனா நண்டு..." என்றான் கோதண்டம்.

நம்பிக்கை அவ்வளவு சுலபத்தில் விடுமா? லோகநாயகி நேராகப் போய்ப் பானைத் துணியை அவிழ்த்தாள். சித்தர் எழுவதற்குள் கவிழ்த்தும் விட்டாள். கீழே விழுந்தது ஒரு நண்டு ஓடு. நல்ல சிவப்பு. உயிருள்ள நண்டு எந்த நிறம், வெந்த நண்டு எந்த நிறம் என்று அந்தக் கூடத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஓட்டின் உட்புறம் இடித்த மிளகு ஒட்டியிருந்தது.

ராமன் குனிந்து ஓட்டை மோந்து பார்த்தார்.

"ஜீவ சமாதி ஆயிடுச்சி" என்றார் சித்தர்.

"எங்க, வயித்துலயா?" என்றாள் தேவி.

கூடம் குலுங்கியது. ஆறு வாரமாக நண்டுக் குழம்பு இல்லாமல் சோறு தின்றவர்களின் சிரிப்பு அது. அதில் கொஞ்சம் பொறாமையும் இருந்தது. வாரம் அறுபத்து நாலு நண்டு. ஏரியில் விட்டாராம். காணிக்கைப் பையை மேசைமேல் வைத்துவிட்டுத்தான் சித்தர் படியிறங்க முடிந்தது. எந்தத் திசையில் போனார் என்று கேட்காதீர்கள். நிச்சயம் கிழக்கே இல்லை.

காணிக்கை திரும்பியது. மார்க்கெட்டில் போனது திரும்பவில்லை. அதை எந்தப் பானையைக் கவிழ்த்தாலும் எடுக்க முடியாது.

கோதண்டம் கூடத்து வாசலில் நின்று தினகரனுக்குப் போன் போட்டான். "நாளைக்கு வராதண்ணே. போட்டு குடுக்கல. ...இல்ல, வெலை பத்தாம இல்ல. ஓனரு ஒத்துக்கல." சொல்லிவிட்டு ஓரக்கண்ணால் ஓனரைப் பார்த்தான். ஓனர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

இருவரும் போட்டில் திரும்பினார்கள். உச்சி வெயிலில் ஏரி கண்ணைக் கூசச் செய்தது. லோகநாயகி முன்னால் உட்கார்ந்திருந்தாள். திட்டுவாள் என்று அவன் காத்திருந்தான். அவள் திட்டவில்லை, சாயங்காலத்துக்கு நண்டு வாங்கலாமா என்று மட்டும் கேட்டாள். அது திட்டைவிட மோசமாக இருந்தது. பாதித் தூரத்தில் அவன் இன்ஜினை அணைத்தான்.

"நாயகி."

"இன்னா?"

"ஒண்ணு கேப்பேன். சிரிக்கக் கூடாது."

"சிரிக்கல. கேளு."

ஒரு வருஷமாக அவன் இதைக் கேட்க நினைத்திருந்தான். பிரவீனிடம் கேட்கப் போய் டீ வாங்கிக்கொடுத்துவிட்டுத் திரும்பியிருக்கிறான். ஐஸ் ஷெட் வரிசையில் முன்னால் நிற்பவன் கேட்பான் என்று பார்த்தான். முன்னால் நின்றவன் பின்னால் இருப்பவன் கேட்கட்டும் என்று நின்றான். அறுபத்து நாலு பேருக்கும் தெரியாது. அறுபத்து நாலு பேரும் மற்ற அறுபத்து மூன்று பேருக்குத் தெரியும் என்று நினைத்தார்கள். கேட்க வெட்கப்படுகிறவர்கள் வரிசையில் நிற்கிற ஊரில் நண்டுக்கும் வாய் முளைக்கும்.

"இந்த ஷேரு ஷேருன்றாங்களே," என்றான் கோதண்டம், தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, "அப்டீன்னா இன்னா?"