மூன்றாவது பூட்டு

அறைக்குள் இருந்தவர்கள்: கட்டிலின் தலைமாட்டில் மாமியார், கால்மாட்டில் மனைவி, தகரப் பெட்டியின் மேல் மைத்துனன், எழுதும் மேசையருகே இருந்த ஒரே நாற்காலியில் சாம்பிள் சார். கதவு பூட்டியிருந்தது. சாவியில் பாதி அவர் கையிலும் மீதி பூட்டுக்குள்ளும் இருந்தன.

வெளிநாட்டுத் தொழிற்சாலைகள் அனுப்பும் மாதிரிப் பொருள்களைச் சோதித்து, எதை மொத்தமாகத் தருவிக்கலாம் என்று முதலாளிக்கு எழுதுவது அவர் வேலை. அப்பெயர் அதனால் வந்தது. அவர் தேர்ந்த குடைகள் மழையில் சாயம் போயின. டார்ச்சுகள் பகலில் மட்டும் எரிந்தன.

"பூட்டுலயும் சொதப்புனீங்கன்னா கோடவுன்ல போய் மூட்டை தூக்குங்க" என்று முதலாளி சொல்லியிருந்தார். கடிதம் மாலைக் கூரியரில் போயாக வேண்டும்.

ஆகவே குடும்பத்தையே உள்ளே வைத்துப் பூட்டிச் சோதித்தார். முதல் பூட்டை மனைவி கொண்டை ஊசியால் திறந்தாள். இரண்டாவது, மாமியார் கதவில் சாய்ந்ததும் தானே திறந்துகொண்டது. மூன்றாவது அதன் சொந்தச் சாவிக்கே மசியவில்லை.

மைத்துனன் தலைக்குத் தேய்க்கும் எண்ணெயை விட்டான். கைப்பிடி வழுக்கியது. துண்டைச் சுற்றி இழுத்தார்கள். கைப்பிடி கையோடு வந்தது. கட்டில் பலகையை உருவி நெம்பினார்கள். பலகை முறிந்தது, கட்டில் சாய்ந்து, மாமியார் மகள் மடியில் வந்து சேர்ந்தார். ஒவ்வொரு தோல்விக்கும் சாம்பிள் சாரின் முகம் மலர்ந்துகொண்டே போனது.

"என்னமா நிக்குது பாத்தியா?"

"நாம வெளிய போகணுங்க. அது ஞாபகம் இருக்கா?"

"விடுடி, மாப்பிள்ளைக்குப் பூட்டுதான் சொந்தம். நாமெல்லாம் பக்கத்து வீடு" என்றார் மாமியார்.

கைப்பேசிகள் எல்லாம் கூடத்தில் சார்ஜில் கிடந்தன. பக்கவாட்டுச் சந்துப் பக்கம் இருந்த ஜன்னலில் நின்று, பூட்டு ரிப்பேர் செய்ய ஆள் வேண்டும் என்று மைத்துனன் கத்தினான். தோள்பையோடு போன ஒருவர் திரும்பி வந்து, தானே பூட்டுக்காரர்தான் என்றார். வாசல் கதவு சும்மா சாத்தித்தான் இருக்கிறது, உள்ளே வரலாம் என்றார்கள்.

வந்தவர் பூட்டை நாலு தட்டு தட்டிப் பார்த்தார். துணைக்கு ஆள் வேண்டும் என்றார், கூப்பிடச் சொன்னார்கள். சோபா இடைஞ்சலாக இருக்கிறது, நகர்த்தலாமா என்றார். தாராளமாக என்றார்கள். பீரோவுக்கும் அதே பதில். பாரமானவற்றை இழுக்கும் சத்தம் வெகு நேரம் கேட்டது. எதைத் தொட்டாலும் கேட்டுவிட்டுத் தொடும் மனிதர் இந்தக் காலத்தில் உண்டா என்று மாமியார் நெகிழ்ந்தார்.

கடைசியில் கதவுக்கு அப்பால் ஒரு பெருமூச்சு.

"சார், அனுபவத்துல சொல்றேன். இதை யாராலயும் திறக்க முடியாது. இந்தப் பூட்டு ஊர்ல ஒவ்வொரு வீட்டுலயும் இருக்கணும்."

சாம்பிள் சாருக்குக் கண் கலங்கியது. உடனே எழுத உட்கார்ந்தார்.

'ஐயா, மூன்றாவதே சிறந்தது. உள்ளே இருப்பவர்களே வெளியேற முடியாதபோது, வெளியே இருப்பவர் நுழைவது எங்ஙனம்? துறை வல்லுநர் ஒருவரும் நேரில் கண்டு பாராட்டினார். தயங்காமல் மொத்தமாகத் தருவிக்கலாம்.'

உறையில் இட்டு, பசை தடவி, ஓரங்களை விரலால் அழுத்தி ஒட்டி, சந்து வழியே வந்த கூரியர்காரரிடம் ஜன்னல் கம்பிகளுக்கிடையே நீட்டினார்.

அவர் அதைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

"வீடு மாத்துறதா சொல்லவே இல்லையே சார். சோபா, பீரோ எல்லாம் ஏத்திக்கிட்டு லாரி இப்பத்தான் போச்சு. இனிமே பார்சலை எந்த விலாசத்துக்குக் கொண்டுவரட்டும்?"