வெள்ளைப் பூ எதற்கு, மாமா?

நாகலூர்
14.11.2025, வெள்ளி, காலை 7.10
வீட்டில் ஆட்கள்: மூவர். கருத்துகள்: நான்கு.

அன்புள்ள தமிழ்செல்வன் மாமாவுக்கு,

பிரபாகரின் வணக்கம். சேலத்தில் நீங்களும் அத்தையும் சுகம்தானே? இங்கே அப்பாவின் தொண்டையைத் தவிர எல்லோரும் சுகம். போனில் என்னை வாய் திறக்க விடமாட்டீர்கள், அதனால் கடிதம்.

அப்பாவுக்குக் குரல்நாணில் புற்று, ஆரம்ப நிலை. அறுவையோ கதிர்வீச்சோ, குணமாகும் வாய்ப்பு ஏறத்தாழ சமம்தான் என்று சொல்லிவிட்டு, "நீங்களே முடிவு பண்ணுங்க" என்கிறார் டாக்டர். அளவு சொல்லாமல் போல்ட் வாங்கி வரச் சொன்ன மாதிரி! லேசரால் வெட்டினால் ஓரிரு நாளில் வீடு, ஆனால் வெட்டும் ஆழத்தைப் பொறுத்துக் குரல் கரகரக்கலாம். கதிர்வீச்சில் குரல் தேறலாம், ஆனால் ஆறு வாரம் சேலத்தில், அதாவது உங்கள் வீட்டில், தங்கவேண்டும். அப்பாவோ எஸ்டேட் மேஸ்திரி. இந்தச் சரிவில் நின்று கூப்பிட்டால் எதிர்ச்சரிவில் காப்பி பறிப்பவர்கள் நிமிர வேண்டும். குரல் போனால் வேலை போச்சு. எக்ஸெலில் மதிப்பெண் போட்டேன், சமம். மாற்றிப் போட்டேன், மறுபடி சமம். மெக்கானிக்கல் படித்தவனுக்கே தலை சுற்றியது.

அப்போதுதான் நீங்கள் அம்மாவின் போன் ஸ்பீக்கரில், "மாரியாத்தாகிட்டப் பூ கேட்டுருங்கக்கா" என்று வெள்ளை எதற்கு, சிவப்பு எதற்கு என்று பிரித்துக் கொடுத்தீர்கள். அப்பா பூவுக்கொன்றாக இரண்டு பொட்டலம் கட்டினார், பூசாரி சாமி காலடியில் வைத்தார், அம்மா ஒன்றை எடுத்தாள். வெள்ளை. "கரண்டு வெக்கறதுதான்! எந்தம்பி சொன்னான்" என்று கதிர்வீச்சைச் சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "கத்திம்மா" என்றேன். "நீ அப்பப் போனை நோண்டிட்டிருந்தே, கண்ணு." அது உண்மை, எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது. சற்று நேரத்தில் அவளே, "டாக்டர் கோட்டு வெள்ளைதானே, அப்பக் கத்தியோ?" என்கிறாள். அம்மாவுக்கு இரண்டு கருத்து, எனக்கு இரண்டு. அப்பாவைக் கேட்கவில்லை, குரலை வருத்தக் கூடாதாம்.

திங்களன்று டாக்டருக்குப் பதில் சொல்ல வேண்டும். வெள்ளை எதற்கு என்று ஒரே வரியில் எழுதவும். பஸ்ஸில் இத்துடன் மிளகும் வருகிறது. அத்தைக்கு என் வணக்கம்.

உங்கள் மருமகன்,
பிரபாகர்

பி.கு.: உறையை ஒட்டுமுன் அப்பா கடிதத்தைப் பிடுங்கிப் படித்தார். "வெள்ளைன்னாக் கத்தி. உங்க மாமன் சொன்னது எனக்கு நல்லாக் கேட்டுச்சு. அதான் ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளையே கட்டுனேன்" என்றார், கரகரத்து. வேலை என்னாவது என்றேன். "விசில் ஊதிக்கலாங்கண்ணு. ஆறு வாரம் உங்க மாமன் ஊட்டுல இருந்தாத் தொண்டை தேறிரும், காது போயிரும்."

ஆகவே நான் செய்யப்போவது:

1. டாக்டரிடம் அறுவை என்று சொல்வேன்.
2. அப்பாவுக்கு ரொம்ப தூரம் கேட்கும் விசில் வாங்குவேன்.
3. மாரியம்மனுக்கு ஒரு சிவப்புப் பூ வைத்து மன்னிப்புக் கேட்பேன்.
4. அம்மாவிடம் மூச்சு விடமாட்டேன். நீங்கள் விடுவீர்கள்; ஆகவே இந்தக் கடிதத்தை அனுப்பமாட்டேன். மிளகு மட்டும் வரும்.