வேண்டாம் என்று சொல்லும் குதிரை

குதிரை லாயத்தின் வாசலில் ஊரே வரிசை கட்டி நின்றது. உள்ளே, இருட்டுக் கொட்டடியில், ஒரு சாம்பல் நிறக் குதிரை தலையை இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டே இருந்தது. 'வேண்டாம்' என்கிறதாம். அப்படித்தான் அங்கே குறி சொல்லும் வாக்குக்காரர் பொருள் சொன்னார். எதைக் கேட்டாலும் வேண்டாம்தான். ஆனாலும் கூட்டம் குறையவில்லை. தம்பிக்குப் பங்கு கொடுக்க மனமில்லாத அண்ணனும், மாமியாரை வீட்டில் வைத்துக்கொள்ள விரும்பாத மாப்பிள்ளையும் காணிக்கையோடு வந்து, மனம் குளிர்ந்து திரும்பினார்கள்.

லாயக்காரரின் மகளுக்குத்தான் வயிறு எரிந்தது. அவளும் லாடம் அடிக்கிறவரும் ஒருவரையொருவர் விரும்பினார்கள். அப்பாவும் சம்மதித்திருந்தார். வாக்குக்காரர் சும்மா இருக்காமல் அதையும் குதிரையிடம் கேட்டுவைத்தார். கல்யாணம் நின்றது. மாமன் மச்சான் தடுத்து நின்ற கல்யாணங்கள் உண்டு. குதிரை தடுத்த கல்யாணம் இது ஒன்றுதான்.

மேய்ச்சலும் துணையும் இல்லாமல் அடைத்துப்போட்டால் எந்தக் குதிரையும் சலிப்பில் இப்படித்தான் ஆடும் என்று அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். வெளியே விட்டால் அருள் கலைந்துவிடும் என்றார் வாக்குக்காரர். காலமெல்லாம் லாயத்திலேயே கிடந்த அப்பாவும் அதற்கு ஆமாம் போட்டார்.

அன்று அவளே வரிசையில் வந்து நின்றாள்.

"நான் லாடக்காரரைக் கட்டிக்கலாமா?"

குதிரை தலையை ஆட்டியது.

"சரி, கட்டிக்காம இருந்துடலாமா?"

அதற்கும் ஆட்டியது. கூட்டம் முழித்தது. கேள்வியில் பக்தி போதவில்லை என்றார் வாக்குக்காரர்.

அவள் தாழ்ப்பாளைத் திறந்து, குதிரையை வெளியே நடத்திப்போய், மற்றக் குதிரைகளோடு புல்வெளியில் விட்டாள். கொஞ்ச நேரம் சுற்றித் திரிந்தது. பிறகு தலை குனிந்து மேய ஆரம்பித்தது. ஆட்டத்தையே காணோம். அதைப் பார்த்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

வாக்குக்காரர் அசரவில்லை. அருள் குதிரையில் இல்லை, கொட்டடியில்தான் இருக்கிறது என்று ஒரே போடாகப் போட்டு, விடுவிடுவென்று உள்ளே புகுந்தார்.

"அப்போ அருளோடயே இருங்க ஐயா" என்று அவள் தாழ்ப்பாளைப் போட்டாள்.

முதலில் மந்திரம் கேட்டது. பிறகு கெஞ்சல் கேட்டது. பொழுது சாய்வதற்குள் மனிதர் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடையாய் நடந்தார். அப்பா கம்பி வழியாக எட்டிப் பார்த்து, பயபக்தியோடு கேட்டார்: "ஐயா, இனிமே உங்க வாக்கை நம்பலாமா?"

"வேண்டாம், வேண்டவே வேண்டாம்! கதவைத் திறங்க!" தலை இடமும் வலமுமாகப் படபடவென்று ஆடியது.

அப்பா தாழ்ப்பாளைத் திறந்தார். வாக்குக்காரர் ஓடிய திசையை அவர் பார்க்கவே இல்லை. நேரே மகளிடம் வந்து, "லாடக்காரரை வரச் சொல்லும்மா, நாள் பேசணும்" என்றார்.

கூட்டத்தில் ஒருவர் மட்டும் காலிக் கொட்டடிக்கு முன்னால் கைகூப்பி நின்றார். அந்தத் தலைக்கு ஆடவும் தெரியவில்லை, யோசிக்கவும் தெரியவில்லை. குதிரைக்காவது அடைபட்டுக் கிடந்ததால் வந்த வியாதி. கதவு திறந்தே கிடக்கும் உங்களுக்கு என்ன வந்தது?