பச்சைப் புட்டி சிவந்த காலை

"ஐயய்யோ, ஊதாவாயிடுச்சுடி!"

ஆராய்ச்சி மாணவி போட்ட கூச்சலில் பக்கத்து மேசைத் தோழி குண்டூசி ஓடி வந்தாள். ஆள் அவ்வளவு ஒல்லி. பேச்சு அதைவிடக் கூர்.

புட்டியில் மிதந்தவை தங்கக் குச்சிகள். ஆயிரத்தை வரிசையாக அடுக்கினாலும் ஒரு மயிரிழைத் தடிமனைத் தாண்டாது. நேற்று வரை இலைப்பச்சை. பதினொரு மணிக்குத் தேர்வாளர் வந்து அந்தப் பச்சையைப் பார்த்தால்தான் நான்கு வருட உழைப்புக்குப் பட்டம். காலையில், குச்சிகள் ஒட்டாமலிருக்கக் கலந்த சோப்பு குளிரில் அடியில் வெள்ளையாக உறைந்திருந்தது. கரையட்டும் என்று சூட்டுத்தட்டில் வைத்தவள், சூட்டைக் கொஞ்சம் தாராளமாகவே ஏற்றிவிட்டாள்.

"ஏதாவது பண்ணுடி!"

"ஐஸ்ல வை."

வைத்தாள். ஊதா அசையவில்லை, போன வெள்ளைதான் திரும்பி வந்தது. பதறிப்போய் மறுபடி தட்டில் ஏற்றினாள்.

"ஒரே நிமிஷம்தான்!"

அதற்குள் தொலைபேசி. தேர்வாளர் வாசலில்! ஓடிப்போய் வரவேற்று, துறைத்தலைவர் அறையில் உட்காரவைத்துத் திரும்ப முக்கால் மணி நேரம். புட்டி செக்கச்செவேல் என்று நின்றது.

"பாதியில பச்சை இங்க் ஊத்திப் பார்ப்போமா?" என்றாள் குண்டூசி.

ஊற்றினார்கள். சாக்கடைத் தண்ணீர்!

கதவு திறந்தது, தேர்வாளர் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஆனது ஆகட்டும் என்று மாணவி மீதிச் சிவப்பை நீட்டினாள்.

"ஐயா, இது பச்சையா இருந்துச்சு. நான்தான் சூடாக்கிக் கெடுத்துட்டேன். குச்சியெல்லாம் சுருங்கி உருண்டையாயிடுச்சு. வடிவம் மாறினதும் வெளிச்சத்தை வாங்கற விதமே மாறி, சிவப்பாயிடுச்சு."

தேர்வாளர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார்.

"கெடுத்தீங்களா? கண்டுபிடிச்சிருக்கீங்கம்மா! எத்தனை டிகிரி? எவ்வளவு நேரம்?"

புட்டியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "அடடா, என்ன சிவப்பு! பச்சை இருந்த சுவடே இல்லையே!" என்று சொல்லிக்கொண்டே கையெழுத்தைப் போட்டார்.

மாணவிக்குத் தலைகால் புரியவில்லை. அவர் கிளம்பியதும், பையை எடுக்க வந்த அவருடைய டிரைவரிடமே கொட்டித் தீர்த்தாள்.

"நிறத்தைப் பார்த்த உடனே சொக்கிப் போயிட்டாருங்க!"

டிரைவர் வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அவருக்குப் பச்சையும் சிவப்பும் ஒண்ணுதாம்மா, அதனாலதான் வண்டியை நான் ஓட்டறேன். நீங்க வாயைத் திறக்காம இருந்திருந்தா, அது இன்னமும் பச்சைதான்!"