உப்பு மண்ணும் சாய்வு நாற்காலியும்

இனி சாய்வு நாற்காலியை விட்டு எழுவதில்லை என்று நான் சபதம் செய்து மூன்று மாதம் ஆகியிருந்தது. சபதத்தைக் காப்பாற்றியும் வந்தேன். இருபத்திரண்டு வருஷம் நான் புத்தகம் தைத்த அச்சகத்தை இழுத்து மூடிவிட்டார்கள். பைண்டிங் ஊசியைக் கையில் கொடுத்து, “போய்ட்டு வாங்க” என்றார் முதலாளி. போய்ட்டு வந்தேன். வந்தவன் கொல்லையில் நாற்காலியைப் போட்டு எதிர்ச்சுவரைப் பார்க்க ஆரம்பித்தேன். சுவரும் என்னைப் பார்த்தது. இருவருக்கும் சொல்ல ஒன்றுமில்லை.

வானம் அழுக்குத் துணியாய்த் தொங்கிய ஒரு காலையில் மனைவி வந்து நின்றாள்.

“என்னங்க, இங்க திராட்சைக் கொடி வைக்கப் போறேன்.”

“வை.”

“குழி வெட்டணும்.”

“வெட்டு.”

“நீங்க வெட்டணும்.”

“இந்த மண்ணுலயா? புல்லே யோசிச்சு யோசிச்சுத்தான் முளைக்குது.”

“சரி, மண்ணைப் பரிசோதனைக்குக் குடுப்போம். ஆகாதுன்னு வந்தா விட்டுடறேன்.”

அந்தக் கடைசி வார்த்தையை உடும்பாகப் பிடித்துக்கொண்டேன்.

நாலு மூலையிலும் நடுவிலும் மண் எடுத்து, கல் பொறுக்கி, நிழலில் உலர்த்தி, கலந்து, அரைக்கிலோ கட்டும் வேலையை நானே கேட்டு வாங்கினேன். மூன்று மாதத்தில் நானாகக் கேட்ட முதல் வேலை. அவளுக்குச் சந்தேகம் வரும் என்று எனக்குத் தோன்றவில்லை. சமையலறை ஜாடியிலிருந்து மூன்று பிடி உப்பை அள்ளி, மண்ணோடு பிசறிப் பொட்டலம் கட்டினேன். மடிப்பு கத்தி மாதிரி இருந்தது. பைண்டர் கை அல்லவா!

அன்று மதியச் சாப்பாட்டில் உப்பே இல்லை. நான் எந்த வாயால் கேட்பது? தலையைக் குனிந்து சாப்பிட்டேன். அவள் சாப்பிடாமல் என்னையே பார்த்தாள்.

பத்தாம் நாள் மனைவியின் போனில் ஆய்வுக்கூடத்து அம்மா அழைத்தார். மூக்காலேயே பேசுகிற குரல்.

“சார், உங்க வீடு கடலுக்குள்ள இருக்கா?”

“இல்லீங்க.”

“அப்புறம் எப்படி இவ்வளவு உப்பு?”

“தலையெழுத்துங்க. திராட்சை வராதுல்ல?”

“ஏன் வராது? கொல்லை முழுக்க மூணடி தோண்டிக் கிளறுங்க. ஜிப்சம் போடுங்க. மூணு தடவை தண்ணி கட்டி வடிய விடுங்க, உப்பு இறங்கிடும். அப்புறம் மக்கின எரு. எழுதியே அனுப்பறேன் சார்.”

போன் ஸ்பீக்கரில் இருந்தது. மனைவி பக்கத்தில் இருந்தாள்.

“நீ ஒரு குழிதானே கேட்டே?” என்றேன் ஈனஸ்வரத்தில்.

“நான் கேட்டது ஒண்ணு. மண்ணு கேக்கறது மொத்தமும். உப்பைத் தின்னவன் தண்ணி குடிக்கணும்ங்க. மண்வெட்டி கதவுக்குப் பின்னால இருக்கு.”

பத்தடிக்கு எட்டடிக் கொல்லை. பதினோரு நாள் தோண்டினேன். கையில் கொப்புளம், கொப்புளத்தின் மேல் கொப்புளம். இடுப்பளவு பள்ளத்தில் நான் நின்றபோது, சுவருக்கு மேல் ஒரு தலை முளைத்தது. எதற்கும் தலையாட்டும் பக்கத்து வீட்டு ஆமாஞ்சாமி.

“என்ன சார், கிணறா?”

“எனக்குக் கல்லறை.”

“ஆமாமா, ஆழம் சரியாத்தான் இருக்கு.”

தண்ணீரை இரண்டு தடவை நான் கட்டினேன். மூன்றாவது தடவை, பரிதாபப்பட்டு மழையே கட்டியது. ஒன்றை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை. ராத்திரி தூக்கம் வர ஆரம்பித்திருந்தது.

எரு போட்டு மூடிய அன்று, பென்சில் கனத்தில் ஒரு குச்சியை நட்டாள். அதுதான் திராட்சையாம். பிறகு இடுப்பிலிருந்து ஒரு கவரை எடுத்து நீட்டினாள். அதே ஆய்வுக்கூடம். அதே தேதி.

‘நல்ல வடிகால். உப்பு இல்லை. திராட்சைக்கு ஏற்ற மண். கொடிக்கு ஒரு குழி போதும்.’

“இது எந்த ஊர் மண்ணு?”

“உங்க நாற்காலிக்கு அடியில எடுத்தது. நீங்க தூங்கிட்டிருந்தீங்க.”

“தெரிஞ்சுமா பதினோரு நாள் தோண்ட விட்டே?”

“வேற என்ன பண்றது? அந்த நாற்காலியில கொஞ்சம் கொஞ்சமா நீங்க செத்துப் போறதைப் பார்த்துக்கிட்டே நிக்கவா?” குரல் உடைந்தது. உடனே ஒட்டிக்கொண்டது. “எருக் கூடையை ஓரமா வைங்க.”

வைத்தேன். உட்கார நாற்காலியைத் தேடினேன். காணவில்லை. குச்சியைச் சுற்றி நாலு கட்டைகள் ஊன்றப்பட்டிருந்தன. ஒன்றில், என் கை பட்டுப் பட்டு வந்த பளபளப்பு இன்னும் போகவில்லை.

“காய்க்க ரெண்டு வருஷம் ஆகுமாம்” என்றாள். “அதுவரைக்கும் நின்னுக்கிட்டிருங்க.”